காதால் பார்த்த டிவி

உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் வழங்கிய ஒரு தீர்ப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு பற்றி ஒரு வரி இருக்கிறது. சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கு அது. தேர்தல் அறிக்கையில் இலவசப் பொருள்களை வாக்களிப்பது முறைகேடு ஆகுமா என்பதே அங்கே கேள்வி. 2006 தேர்தலில் தி.மு.க. அறிவித்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்கு அந்தக் கட்சி சொன்ன நியாயத்தையும் தீர்ப்பு பதிவு செய்கிறது: வீட்டுப் பெண்களுக்கு, அதிலும் கிராமத்துப் பெண்களுக்கு, பொழுதுபோக்கும் பொது அறிவும் கிடைக்க வேண்டும்.

பெண்ணுக்குக் கஞ்சி வேண்டும், கழிப்பறை வேண்டும், கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்து மாத்திரை வேண்டும் என்று அரசு ஆவணங்கள் பேசும். பொழுதுபோக்கு வேண்டும் என்று எழுதிய ஆவணம் அபூர்வம். வாக்குக்காகச் சொன்னதாகவே இருக்கட்டும். சொன்னார்கள்.

அந்தத் திட்டத்தில் கொடுத்தது 14 அங்குலப் பெட்டி. இப்போது எங்கள் கூடத்துச் சுவரில் இருப்பது 65 அங்குலம். மூலைக்கு மூலை அளக்கும் கணக்கு இது. பரப்பளவாகப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெட்டியைப்போல ஏறத்தாழ 19 மடங்கு. படம் பார்க்க, கேம் விளையாட என்று கணவரும் மகனும் தேர்ந்தெடுத்தது. மாதத் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. வந்து ஆறு மாதமாகிறது. இந்த ஆறு மாதத்தில் என் வாழ்நாளிலேயே மிகக் குறைவாக நான் டிவி பார்த்திருக்கிறேன். இது எப்படி நடந்தது என்று யோசிக்கப்போய்த்தான் திரைக்கு முன்னால் பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற பழைய கதைக்குள் போக வேண்டியதாயிற்று.

டூரிங் டாக்கீஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். ஒழுக்கத்தைக் காப்பாற்றக் கட்டிய தடுப்புதான், சந்தேகமில்லை. ஆனாலும் தடுப்புக்கு இந்தப்புறத்து மணல் முழுக்கப் பெண்களுடையது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டு, சத்தமாக அழுதுகொண்டு மூன்று மணி நேரம் இருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் சோறு கேட்க மாட்டார்கள். திரை வீட்டுக்குள் வந்தபோது இந்த இந்தப்புறம் இல்லாமல் போயிற்று.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் ஊருக்கு டிவி வர அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை படம். ஊர்த்தெருப் பெண்கள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். காலனிப் பிள்ளைகளான நாங்கள் சன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தோம். அம்மா ஒருநாளும் வந்ததில்லை. “நாத்து நட்டுட்டு வந்து அவங்க சன்னல்ல நிக்கவா?” என்பார். பிறகு பஞ்சாயத்து டிவி வந்தது. அது இருட்டிய பிறகு ஆண்கள் கூடும் இடமாகிவிட்டது. ஆகவே அம்மாவைப் பொறுத்தவரை தொலைக்காட்சியின் வரலாறு 1975இலும் தொடங்கவில்லை, சன் டிவி வந்த 1993இலும் தொடங்கவில்லை. ரேஷன் கார்டைக் காட்டிப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த நாளில் தொடங்கியது. அன்றைக்கு நகரத்துப் படிப்பாளிகள் ‘ஏழைகளைக் கெடுக்கிறார்கள்’ என்று எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சன்னல் கம்பிதான் நினைவுக்கு வரும். அவர்களில் யாரும் அப்படி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள்.

சரி, அம்மா அந்த டிவியைப் பார்த்தாரா? பெரும்பாலும் கேட்டார். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். வசனத்தின் வேகம் மாறினாலோ, பின்னணி இசை மூன்று தரம் அடித்தாலோ எழுந்து வந்து நிலைப்படியில் ஒரு நிமிடம் நிற்பார். திரும்பிப் போய்விடுவார். ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ காலத்திலிருந்து சீரியல்களைக் கிண்டல் செய்பவர்கள் சொல்லும் குறைகளை நினைத்துப் பாருங்கள்: ஒரே விஷயத்தை நாலு முறை சொல்கிறார்கள், முகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள், இசையை வைத்து அலறவிடுகிறார்கள். உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது குறை. வேலை செய்துகொண்டே கேட்பவருக்கு அதுதான் வசதி.

இது தமிழ்ச் சீரியலின் தனிக்குணமும் அல்ல. 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத் தொடர்கள் பிறந்தபோதே, வேலைக்கு நடுவில் இருக்கும் இல்லத்தரசிகளுக்காகத்தான் பிறந்தன. சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டதால் சோப் ஓபரா என்று பெயர். டானியா மாட்லெஸ்கி 1982இல் எழுதிய நூலில், அடிக்கடி அறுபடும் வீட்டு வேலையின் தாளமும் இந்தத் தொடர்களின் தாளமும் ஒத்துப்போவதைக் கவனித்தார். டேவிட் மோர்லி லண்டன் குடும்பங்களிடம் பேசி 1986இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்கள் வாய் பேசாமல் கவனமாகப் பார்க்கிறார்கள், பெண்கள் பேசிக்கொண்டோ ஏதாவது வேலை செய்துகொண்டோ பார்க்கிறார்கள். ஆணுக்கு வீடு ஓய்வெடுக்கும் இடம், பெண்ணுக்கு வேலை செய்யும் இடம் என்பதே அவர் கண்ட காரணம். அந்த ரிமோட் அப்பாவின் நாற்காலிக் கையில் இருந்தது என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. லண்டனிலுமா!

1952இல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் ஹாலி என்ற நிறுவனம் டிவி பதித்த அடுப்பையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோழி வெந்துகொண்டிருக்க, பெண் அங்கேயே நின்று நிகழ்ச்சி பார்க்கலாம். லின் ஸ்பீகல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண்ணை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு அழைப்பதைவிட டிவியை அடுப்புக்குள் செருகுவது அவர்களுக்குச் சுலபமாகத் தோன்றியிருக்கிறது.

இந்தக் காதால் பார்த்தலுக்கும் பலன் இருந்தது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து பகுதிகளின் கிராமங்களில் 2001 முதல் 2003 வரை திரட்டிய தகவல்களை வைத்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில் கணவன் அடிப்பதை நியாயம் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள்; ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. மாமியார் மருமகளைப் பழிவாங்கும் கதைகளைக் கேட்டா இது நடந்தது என்று நம் தோழர்கள் சிலர் நம்ப மறுப்பார்கள். கதை சொல்லும் நீதி ஒன்று, கதைக்குள் தெரியும் வீடு வேறொன்று என்பது என் எண்ணம். அடுத்த ஊரில், அடுத்த வீட்டில் இப்படியும் பெண்கள் பேசுகிறார்கள் என்று தெரிவதே பெரிய செய்தி.

65 அங்குலம் இந்தப் பழக்கத்துக்கு இடம் தருவதில்லை. அது கண்ணுக்காக மட்டுமே செய்த கருவி. திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று அடுப்படிக் கதவைச் சாத்தச் சொல்கிறார்கள். கொரியப் படம், ஸ்பானியத் தொடர் எல்லாம் அடியில் ஓடும் எழுத்தை வாசித்தால்தான் புரியும். கேட்டுக்கொண்டே கீரை ஆய முடியாது. அதற்கு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். 2019இல் எடுத்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடமும் ஒரே துண்டாக வருவதில்லை என்பதுதான் சங்கடம். நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

கேமுக்குக் கண் மட்டும் போதாது, இரண்டு கையும் வேண்டும். பெண்களுக்கு அதில் ஆர்வமில்லை என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு. அடாரியின் ‘சென்டிபீட்’ 1981இல் வந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் டோனா பெய்லி. 1982இல் வந்த ‘ரிவர் ரெய்ட்’ கேரல் ஷா எழுதியது. பிற்பாடு கேம் பொம்மைக் கடையில் பையன்களின் அடுக்குக்குப் போனது வியாபாரிகளின் முடிவு.

நானும் விளையாடுகிறேன். எல்லோரும் படுத்த பிறகு, பதினொரு மணிக்கு மேல். மகன் ஒரு கேமைக் காட்டி, “இது உனக்குப் பிடிக்கும்மா, சேர்ந்து ஆடலாம்” என்றான். பிடித்தது. ஆனால் அது ஆன்லைன் கேம்; அதில் பாஸ் கிடையாது. எதிரே இருப்பவர்கள் யாரோ, எங்கோ. நமக்காக நிற்க மாட்டார்கள். நடுவில் எழுந்தால் தோற்றோம், கூட ஆடுபவர்களிடம் திட்டும் வாங்குவோம். அவனும் அவன் அப்பாவும் நாற்பது நிமிடம் தொடர்ந்து ஆடுகிறார்கள். குக்கர் விசிலை எண்ண அந்த வீட்டில் இன்னொருவர் இருப்பதால் ஆடுகிறார்கள்.

1976இல் வந்த ஃபேர்சைல்ட் சேனல் எஃப் என்ற பெட்டியில் ‘ஹோல்ட்’ என்று ஒரு பட்டன் வைத்தார்கள். அழுத்தினால் ஆட்டம் அப்படியே நிற்கும். கேம் வரலாற்றில் அதைப் பெரிய சாதனையாக யாரும் கொண்டாடுவதில்லை. நான் தனியாக ஆடும் கேம்களை இப்போது அந்த பட்டனைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன். இரவு அந்தப் பெரிய சுவர் முழுக்க ஒரு காடு உறைந்து நிற்கும். நான் போய்ப் பால் பாத்திரத்தை மூடிவிட்டு, இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டு வருவேன். மகனிடம் குக்கர் விசில் எண்ணும் வேலையைப் போன வாரம் ஒப்படைத்திருக்கிறேன். ஆட்டத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்டான்.