சிட்ரஸ் கிரீனிங் நோய்

ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை முதலான சிட்ரஸ் இன மரங்களைத் தாக்கும் பாக்டீரியா நோய். சொறிநோய், பிசின் வடிதல், டிரிஸ்டீசா வைரஸ் என்று இவ்வினத்துக்கு வேறு தொல்லைகளும் உண்டு. இன்றுவரை முழுத் தீர்வு இல்லாமல் தோப்புகளைக் காலிசெய்வது இந்நோய்தான்.

நோய் கண்ட இலையில் மஞ்சள் திட்டுகள் நடுநரம்பின் இருபுறமும் ஒத்திராமல் தாறுமாறாக விழும். துத்தநாகக் குறை என்றால் இருபுறமும் ஒரே சீராக இருக்கும். பழம் ஒருபக்கமாகக் கோணும், விதை சூம்பும், காம்புப் பக்கம் நிறம் ஏறிய பிறகும் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். சாறு கசக்கும்.

சத்துக்குறைபோலத் தோன்றும் இந்தச் சாயலே பல பத்தாண்டுகளை வீணாக்கியது. தென்னாப்பிரிக்காவில் 1937இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மண்ணிலுள்ள குரோமியம், மாங்கனீசு நச்சைச் சந்தேகித்தது. இந்தியாவில் நுனியிலிருந்து காய்ந்துவந்த மரங்களுக்காக மண்ணும் உரமும் பழி சுமந்தன. இத்தனைக்கும் பஞ்சாபில் சைலிட் என்ற சாறுறிஞ்சும் பூச்சியால் தோப்புகள் அழிவதை பூச்சியியலாளர்கள் ஹுசைன், நாத் இருவரும் 1927இலேயே எழுதியிருந்தார்கள். கைக்கெட்டிய தடயம் கவனிப்பாரற்றுப் போயிற்று.

முடிச்சை அவிழ்த்தவர் சீன அறிஞர் லின் குங்-சியாங். நோயுற்ற மரத்தின் மொட்டை நல்ல கன்றில் ஒட்டுக்கட்டினால் நோயும் கூடவே வருவதை அவர் 1956இல் நிறுவினார். பூச்சி வழிப் பரவல் தென்னாப்பிரிக்காவில் 1965இலும், வேறொரு சைலிட் மூலம் இந்தியாவில் 1967இலும் உறுதியானது. 1970இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கிருமி தென்பட்டபோதும் முதலில் அதை மைக்கோபிளாஸ்மா வகை என்றே எண்ணினர். மைக்கோபிளாஸ்மாவுக்கு இல்லாத செல்சுவர் இதற்கு இருப்பது பின்னர்தான் தெரிந்தது.

இந்தியாவில் நோயைப் பரப்பிய அதே சைலிட் புளோரிடாவில் 1998இல் காணப்பட்டது. சிட்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த அலங்காரச் செடிகள் நர்சரிகளிலிருந்து விற்பனைக்குப் போனபோது அதுவும் தொற்றிக்கொண்டு மாநிலமெங்கும் போய்ச் சேர்ந்தது. 2005இல் நோய் வெளிப்பட்டது. 2003–04 பருவத்தில் சுமார் 24 கோடி பெட்டி ஆரஞ்சு தந்த மாநிலம், 2022–23இல் தந்தது 1.6 கோடிக்கும் குறைவு. புயல்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் சரிவுக்கு அவை மட்டுமே காரணமல்ல.

கறிவேப்பிலையும் இப்பூச்சி முட்டையிட்டுப் பெருகும் செடி. இந்தியாவிலிருந்து அமெரிக்கா செல்பவர்கள் பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நோயற்ற கன்றுகளை நடுதல், பூச்சியை ஒடுக்குதல், நோய் கண்ட மரத்தை வேரோடு அகற்றுதல் ஆகிய மூன்றுமே நெடுநாளைய தற்காப்பு. ரீயூனியன் தீவில் டமாரிக்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி சைலிட்டைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்கர்கள் 1970களில் மரத்தண்டில் டெட்ராசைக்ளின் வகை மருந்தைச் செலுத்திப் பார்த்தனர். பலன் சில காலமே நின்றது, மரத்துக்கும் ஊறு நேர்ந்தது. அதே வகையைச் சேர்ந்த ஆக்சிடெட்ராசைக்ளினைத் தண்டில் ஏற்றப் புளோரிடா 2022இல் அனுமதி அளித்தது.