பாறையும் பாட்டும் மண்ணும்

புதுக்கோட்டைச் சீமையின் பழம்பெருமை கல்லில் நிற்கிறது. சித்தன்னவாசலில் சமண முனிவர்க்குக் கற்படுக்கை வெட்டித் தமிழ் எழுத்தில் குறிப்பும் பொறித்தனர். குடுமியான்மலையில் இசையின் இலக்கணத்தையே பாறையில் எழுதி வைத்தனர். இவற்றைப் படித்துப் பொருள் கண்ட அறிஞர் பலர். ஆனால் அதே மாவட்டத்தில் கொளுத்தும் வெயிலில் அமர்ந்து, சம்மட்டியால் கல்லுடைத்துச் சல்லியாக்கிய பெண்களின் வரலாறு எக்கல்லிலும் இடம்பெறவில்லை.

கல்குவாரியில் பெண் கூலியாள். குத்தகை ஒப்பந்தக்காரருடையது, கணக்கும் அவருடையது. எத்தனை கூடை, எத்தனை லாரி, என்ன விலை என்பதைச் சொல்பவரும் அவரே. எழுத்தறியாதவர் அக்கணக்கை மறுப்பதற்கு வழி இல்லை. முன்பணம் வாங்கிய குடும்பமோ அக்கடனிலேயே கட்டுண்டு கிடந்தது.

1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் தொண்டராக ஊர் ஊராகச் சென்றனர். பகற்பொழுது உழைப்பில் கழிந்தவர்க்கு இரவு விளக்கொளியில் பாடம் நடந்தது. கற்க வந்தோரில் பெரும்பாலோர் பெண்கள். பெயரெழுதப் பழகுவதோடு கல்வி நின்றுவிடவில்லை. கூலி, நீர், நிலம், உரிமை ஆகியவையும் அங்கே பேசப்பட்டன.

இதன் பயன் குவாரிகளில் தெரிந்தது. ஊரகப் பெண்களுக்கான ‘ட்வாக்ரா’ திட்டத்தின் கீழ்க் குழுக்கள் அமைந்தன. ஒப்பந்தக்காரர் கையிலிருந்த கல்குவாரிகள் பல அக்குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பெண்கள் இவ்வாறு குவாரிகளைத் தம் பொறுப்பில் நடத்தினர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். நேற்றுவரை கூலிக்குக் கை நீட்டியவர், லாரிக்கு நடைச்சீட்டு எழுதவும் வங்கியில் கையொப்பமிடவும் வருவாயைப் பங்கிடவும் தலைப்பட்டனர்.

கற்ற பெண்ணுக்கு வேறொரு தடையும் இருந்தது. குவாரியிலிருந்து அலுவலகத்துக்கும் ஊரிலிருந்து சந்தைக்கும் போக, பேருந்தை அல்லது வீட்டு ஆணை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. எனவே சைக்கிள் ஓட்டக் கற்பதும் அறிவொளிப் பணியாயிற்று. தெருவில் கேலி எழாமலில்லை. அக்கேலிக்கு மறுமொழியாகப் பாட்டு ஒன்று பிறந்தது. இயக்கத் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டை மாவட்டமெங்கும் பெண்கள் பாடினர். 1992இல் உலக மகளிர் நாளையொட்டி ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியொலித்துப் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர். சில ஆண்டுகளில் ஓட்டக் கற்ற ஊரகப் பெண்கள் இலட்சத்தைத் தாண்டினர் எனக் கணக்கிடப்பட்டது. குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் ஆண்களுக்குரிய சைக்கிளையே விரும்பி வாங்கியோரும் உண்டு.

இவ்வெற்றி இடையூறின்றி நிலைக்கவில்லை. குத்தகை இழந்த ஒப்பந்தக்காரர் எதிர்த்தனர். ஆட்சியர் மாறியபின் அலுவலகங்களின் அக்கறையும் தளர்ந்தது. உரிமையை ஓர் ஆணை தரலாம். மற்றோர் ஆணை பறிக்கவும் கூடும் என்பதை அப்பெண்கள் கண்டனர். இன்னொன்றும் உண்டு. பாறை பயிரன்று, வெட்டிய இடத்தில் மறுபடி முளைக்காது. இயற்கை வளம் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு அடுத்து நிற்பது, அதை எவ்வளவு எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்ற கேள்வி.

அந்தக் கேள்வி கால் நூற்றாண்டுக்குப் பின் இதே மாவட்டத்தின் மற்றொரு மூலையில், ஆலங்குடிப் பகுதியில் எழுந்தது. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஹைட்ரோகார்பன் திட்டங்களில் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊரார் போராட்டத்தில் இறங்கினர். வடகாடு, நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு எனச் சுற்றூர்களும் எழுந்தன. ஆழ்குழாய் நீரால் தென்னையும் வாழையும் கடலையும் விளையும் பூமி அது. நிலத்தடி நீர் கெட்டால் அங்கே வாழ்வே இல்லை. பந்தலில் பெண்கள் திரளாக அமர்ந்தனர். ஏப்ரல் 12இல் மீண்டும் தொடங்கிய இரண்டாம் கட்டம் மட்டும் 174 நாள் நீடித்தது. 2020இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஆகிய ஒன்றியங்களையும் தன் வரம்பில் சேர்த்தது.

குவாரிப் பெண்களே நெடுவாசலுக்கு வந்தனர் என்று கூறுவது வரலாறாகாது. இரண்டும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு தலைமுறை. எனினும் இரண்டிலும் ஒன்று பொது. தம் காலடியிலுள்ள கல்லையும் மண்ணையும் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் தாமும் இருக்க வேண்டும் என்று பெண்கள் வற்புறுத்தினர்.

புலவர் கூட்டத்துக்கு இதில் ஒரு கடமை உண்டு. அறிவொளிக்காகப் பாட்டுக் கட்டியோரில் சிலர் பெயராவது நினைவில் நிற்கிறது. முதன்முதலாகத் தம் பெயரைத் தாமே எழுதிய கல்லுடைக்கும் பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் ஏடேறவில்லை. அவர்களில் பலர் இன்று முதுமையில் இருப்பர். அவர்தம் வாய்மொழியை ஊர் ஊராய்ச் சென்று கேட்டு எழுதி வைத்தால், குடுமியான்மலைக் கல்வெட்டுள்ள மாவட்டத்துக்கு அதுவும் ஒரு கல்வெட்டாகும்.