விண்ணில் ஒரு புனைபெயர்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே எண்ணிறந்த சிறுகோள்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் 3067 என்னும் எண் பெற்ற சிறுகோளின் பெயர் 'அக்மதோவா'. 1982இல் கிரீமிய வானியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லுத்மிலா கராச்கினா, லுத்மிலா ஜுராவ்லியோவா என்னும் பெண் வானியலாளர் இருவர் அதனைக் கண்டறிந்தனர். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அப்பாறை தாங்கும் பெயருக்கு நெடிய வரலாறு உண்டு.

ருஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா 1889இல் ஒதெஸ்ஸா நகருக்கு அருகில் பிறந்தார். அவர்தம் குடும்பப் பெயர் கோரென்கோ. மகள் கவிதை புனைவதை அறிந்த தந்தை, தம் குடும்பப் பெயருக்கு இழுக்குத் தேடலாகாது என்றார். மகள் அப்பெயரையே துறந்தார். தாய்வழிக் கொள்ளுப்பாட்டியின் தாத்தாரியப் பெயரை ஏற்றார்.

அப்பெயர் எளிதில் நிலைபெற்றுவிடவில்லை. அவருடைய முன்னாள் கணவரும் கவிஞருமாகிய குமிலியோவ் 1921இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் லேவ் 1938இல் மீண்டும் சிறைப்பட்டார். லெனின்கிராட் சிறை வாயில்களில் பிற பெண்களோடு 17 மாதங்கள் வரிசையில் நின்றார் அக்மதோவா. அத்துயரில் விளைந்த 'ரெக்வியம்' என்னும் இரங்கற்பாத் தொகுதியைத் தாளில் வைத்திருப்பதே உயிருக்கு ஊறாக இருந்தது. எனவே துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவார். லிதியா சுகோவ்ஸ்கயா போன்ற தோழியர் வாய்விடாது படித்து மனத்திற் பதித்துக் கொள்வர். உடனே தாள் எரிக்கப்படும்.

1946இல் ஆளுங்கட்சியின் மத்தியக் குழு, அவர் படைப்புகளை வெளியிட்ட இதழ்களைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. கட்சித் தலைவருள் ஒருவரான ஜ்தானவ் அவரை இழித்துரைத்தார். எழுத்தாளர் சங்கமும் அவரை நீக்கியது. கண்டனத்துக்குள்ளான இதழ்களுள் ஒன்றின் பெயர் 'ஸ்வெஸ்தா'. அச்சொல்லுக்கு விண்மீன் என்பது பொருள்!

அக்மதோவா 1966இல் மறைந்தார். சிறுகோள் கண்டறியப்பட்ட 1982இல், 1963ஆம் ஆண்டிலேயே மியூனிக்கில் அச்சேறியிருந்த 'ரெக்வியம்' சோவியத் நாட்டில் வெளிவந்திருக்கவில்லை. 1987இல்தான் அது அங்கு வெளியாயிற்று. மறு ஆண்டு அப்பழைய தீர்மானமும் விலக்கிக் கொள்ளப்பட்டது.

1948இல் ஜ்தானவ் மறைந்தபோது மரியூப்போல் நகருக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1989இல் அந்நகர் தன் பழம்பெயரை மீளப் பெற்றது. சிறுகோள்களுக்கோ சுற்றுப்பாதை ஐயமற உறுதிப்பட்ட பின்னரே எண் வழங்குவர். அதன்பின் கண்டறிந்தோர் பெயரை முன்மொழிவர். அரசியலார், படைத்தலைவர் ஆகியோர் மறைந்து 100 ஆண்டுகள் கழிந்தாலன்றி அவர்தம் பெயர் சூட்டலாகாது என்பது இன்றைய விதி. கவிஞர்க்கு அக்காத்திருப்பு இல்லை.

எனினும், விண்ணிற் பெற்ற இடம் கவிஞர் பட்ட துன்பத்துக்கு ஈடாகாது. அக்கவிதையைக் காத்ததும் அச்சிறுகோளன்று; சில தோழியரின் நினைவாற்றலே. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தாரும் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். நம்முள் ஒருவர் எழுதிய தாள்கள் அனைத்தும் நாளை எரிந்துபோயின், அவர் கவிதையை முழுமையாகச் சொல்ல வல்லார் நம்மிடையே எத்துணைப் பேர்?