துருவும் சாயமும்



பட்டறை மூலையில் கிடக்கும் பழைய குறடு, சுத்தியல், பாராங் கத்தி இவற்றைத் தேய்த்துச் சாயம் பூசி மீண்டும் கையில் எடுப்பது தோட்டங்களில் நாம் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. இந்த எளிய வேலைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றிலுள்ள பிராணவாயுவும் வேண்டும். நம் நாட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ரப்பர் ஆலையிலோ, பாலை உறைய வைக்கும் அமிலமும் சேர்ந்துகொள்கிறது! துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு செதிள் செதிளாக உப்பும். அதன் மேல் எவ்வளவு நல்ல சாயம் பூசினாலும் துருவோடு சேர்ந்தே உதிர்ந்துவிடும். அதனால்தான் முதலில் சுரண்டுகிறோம்.

சென்ற இரண்டு நூற்றாண்டுகளில் பாலம், கப்பல், யந்திரம் எதுவானாலும் அடிப்பூச்சு பெரும்பாலும் சிவப்பு ஈயம்தான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினால் இரும்பை இறுகப் பற்றிக்கொண்டு துருவைத் தடுத்து நிறுத்தும். பாரிஸ் நகரில் 1889-இல் திறக்கப்பட்ட ஈஃபெல் கோபுரத்துக்கும் இதையே பூசினார்கள். அந்தக் கோபுரத்துக்குச் சுமார் 7 ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஏறத்தாழ 60 டன் சாயம் செலவாகிறது.

ஆனால் ஈயம் நஞ்சு. 1921-இல் அனைத்துலகத் தொழில் நிறுவனம் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஈய வெள்ளை கலந்த சாயத்தைத் தொழிற்சாலைச் சாய வேலைகளில் பெண்களும் 18 வயதுக்குக் குறைந்த பையன்களும் கையாளக்கூடாது என்றது அது. இரும்பின் மேல் பூசும் சிவப்பு ஈயம் அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடியது. அதன் விளைவைப் பாருங்கள்: 2021-இல் ஈஃபெல் கோபுரத்தின் பழைய பூச்சைச் சுரண்டியபோது ஈயத்தின் அளவு மிகுந்துவிட்டதால் வேலையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்தக் கோபுரத்துக்கு வந்த சங்கடம் நம் வீட்டு வாசலுக்கும் வரலாம். பழைய சாமானின் மேல்பூச்சுக்கு அடியில் செம்மஞ்சள் நிறம் தெரிந்தால் அதைச் சிவப்பு ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது. தீயில் வாட்டவும் கூடாது. நீர் தெளித்து நனைத்து, வீட்டை விட்டுத் தள்ளி வைத்துத் தேயுங்கள். உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். அப்பா தேய்க்கும் இடத்தில் கைக்குழந்தை தவழவே கூடாது. பிள்ளைகளின் மூளையை ஈயம் கெடுக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது.

ஈயத்துக்கு மாற்று உண்டா? உண்டு. அதன் வேர் நம் முன்னோர் பூமியிலேயே இருக்கிறது. டில்லியில் குதுப்மினார் அருகே நிற்கும் இரும்புத் தூணுக்கு வயது சுமார் 1600. உயரம் ஏறத்தாழ 7 மீட்டர், எடை 6 டன்னுக்கு மேல். வெயிலிலும் மழையிலும் நின்றும் அரிக்கவில்லை. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி என்பதும், அது மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலமாக அமைந்திருக்கிறது என்பதும் கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியத்தின் ஆராய்ச்சியால் விளங்கின. கரியிட்டு உருக்கிய பழங்காலக் கொல்லர்களின் உலையில் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது.

பர்மிங்ஹாம் நகரத்துத் தாமஸ் காஸ்லெட் 1906-இல், இரும்பைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் காய்ச்சி அத்தகைய படலத்தைச் செயற்கையாக உண்டாக்கக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் கிடைக்கும் துரு நீக்கும் திரவங்கள் பலவற்றில் இந்த அமிலமே இருக்கிறது. கோக்ககோலாவிலும் சிறிதளவு உண்டு. துருப்பிடித்த ஆணியை அதில் ஊறப்போட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பது இதனால்தான்!

உதிரும் துருவைத் தேய்த்தெடுத்த பின், கையுறை போட்டு, கண்ணில் தெறிக்காமல் இத்திரவத்தைத் தடவினால் மிச்சத் துரு கறுத்து இறுகும். புட்டியில் எழுதியுள்ளபடி கழுவியோ துடைத்தோ, நன்றாகக் காயவிட்டு, ஈயம் கலவாத அடிப்பூச்சு ஒன்றும் அதன் மேல் மெல்லியதாக இரண்டு பூச்சும் கொடுக்கலாம். கத்தியின் வாய்க்குச் சாயம் வேண்டாம். எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும்.