பாவசங்கீர்த்தனத்துக்காகப் படித்த மொழி

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடமேற்குக் கரையோரமாக இருக்கிறது விகான் நகரம். பக்கத்து ஊர் பந்தாய். 1592-ல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் ஒரு கூடை மிதந்து வந்ததாகவும், அதற்குள் பார்வையில்லாத ஆண்குழந்தை ஒன்று கிடந்ததாகவும் அங்கே வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அகுஸ்தீன் சபைத் துறவிகள் அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தார்கள். பெத்ரோ புகானெக் என்று பெயர் வைத்தார்கள். கூடை வந்த கதையை நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆனால் புகானெக் வளர்ந்து செய்த வேலைக்கு அச்சிட்ட சாட்சி உண்டு. அந்த வட்டாரத்தின் மொழி இலோகானோ. 1621-ல் மணிலாவில் வெளிவந்த இலோகானோ ஞானோபதேச நூலை எழுதியவர் பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற ஸ்பானியத் துறவி. அவருக்குப் பக்கத்தில் இருந்து மொழியை எடுத்துக் கொடுத்தவர் புகானெக்.

இன்று விகானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் நாலு சொல்லாவது தெரிந்துகொள்ளலாமே என்று கையடக்கமான சொற்றொடர்ப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள். இலோகானோவை வெளியூர்க்காரர்கள் படிக்கத் தொடங்கி நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எதற்காக வந்தார்களோ, அதற்கு வேண்டிய சொற்களைத்தான் ஒவ்வொரு காலத்திலும் முதலில் படித்தார்கள்.

துறவிகளுக்கு வேண்டியது பாவசங்கீர்த்தனம். 1572-ல் ஹுவான் தெ சல்செதோ தலைமையில் ஸ்பானியர்கள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பத்தே வருஷத்தில், 1582-ல் மணிலாவில் கூடிய திருச்சபை மன்றம், மக்களுக்கு அவரவர் மொழியிலேயே மறையைக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 1594-ல் சபைகளுக்கு ஊர் பிரித்துக் கொடுத்தபோது விகான் இருக்கும் இலோகோஸ் பகுதி அகுஸ்தீன் சபைக்குப் போயிற்று. மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசத் தெரிந்தால் அவர்களுக்குப் போதாது. ஒருவர் மண்டியிட்டுத் தன் குற்றத்தைச் சொல்லும்போது நடுவில் துபாஷியை உட்கார வைக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடியதையும் பெண்டாட்டியை அடித்ததையும் குருவே நேரடியாகக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் ஞானோபதேசம் வந்த ஆறே வருஷத்தில், 1627-ல், லோபெஸின் இலோகானோ இலக்கண நூலும் அச்சேறியது.

அந்த இலக்கணத்தில் ஸ்பானியர்களைத் திணறடித்திருக்கக்கூடிய ஓர் இடம், தமிழருக்குப் பிறந்தது முதல் பழக்கமானது. நாம் வேறு, நாங்கள் வேறு என்பதை இலோகானோவும் கறாராகப் பிரிக்கும். ‘தாயோ’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘கமி’ என்றால் கேட்பவர் சேர்த்தி இல்லை. ஸ்பானிய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை இலோகானோவில் ‘அமாமி’ என்று தொடங்குகிறார்கள், அதாவது ‘எங்கள் தந்தையே’. அங்கே ‘நம் தந்தையே’ என்று சொல்லிவிட்டால் கடவுளும் தமக்குத் தாமே பிள்ளையாகிவிடுவார். மொழிபெயர்ப்பில் இப்படிப்பட்ட இடங்கள் எத்தனையோ வந்திருக்கும். பந்தாய் மடத்தில் வளர்ந்த பார்வையற்றவரின் காது அங்கேதான் லோபெஸுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

எழுத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. அன்று வழங்கிய பய்பாயின் எழுத்து, பிராமி வழி வந்த தூரத்து உறவு. ஆனால் அதில் மெய்யெழுத்தைத் தனியாகக் காட்ட வழியில்லை. சொல்லின் கடைசி மெய்யைப் படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். லோபெஸ் எழுத்தின் கீழே சின்னச் சிலுவை ஒன்றைப் போட்டு உயிரை நீக்கினார். தமிழில் புள்ளி செய்கிற அதே வேலைதான். காலப்போக்கில் ரோமன் எழுத்து வந்து பய்பாயினையே ஓரங்கட்டிவிட்டது.

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் இலோகோஸ். ஜனம் பெருகப் பெருக மண் போதவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் குடும்பம் குடும்பமாக ககாயான் பள்ளத்தாக்குக்கும் பங்காசினானுக்கும் பெயர்ந்தார்கள். போன இடமெல்லாம் மொழியும் போய், வடக்கு லூசோனில் பல இனத்தாருக்கும் சந்தைமொழி ஆனது. 1909-ல் பெல்ஜியத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்த பாதிரியார் மோரிஸ் வனோவர்பெர்க் பின்னாளில் இலோகானோவுக்கே இலக்கணமும் அகராதியும் செய்தார். அதே 1909-ல், அமெரிக்கப் படையின் மதகுருவான ஹென்றி ஸ்விப்ட் பழைய ஸ்பானிய இலக்கணத்தை அடியொற்றி இலோகானோ பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஆட்சி ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறி பத்து வருஷம்தான் ஆகியிருந்தது.

இதற்கிடையே கரும்பும் வந்தது. 1906 டிசம்பரில் ‘டோரிக்’ என்ற கப்பலில் 15 பிலிப்பினோக்கள் ஹொனலூலுவில் இறங்கினார்கள். ஹவாய்த் தோட்ட முதலாளிகள் ஆள் பிடித்து வரவழைத்த முதல் தொகுதி அது. இவர்களை ‘சகாதா’ என்றார்கள். அடுத்த நாற்பது வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்தார்கள். அதில் பெரும்பங்கு இலோகானோக்கள். படித்தவன் வேண்டாம், உழைத்துக் காய்த்த கை வேண்டும் என்பதால் ஏஜெண்டுகள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். சிலர் அங்கிருந்து கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களுக்கும் போனார்கள். கல்யாணம் ஆகாமலே அங்கே முதுமையடைந்தவர்கள் ஏராளம். அவர்களை இளையவர்கள் ‘மானோங்’ என்று கூப்பிட்டார்கள். அண்ணன் என்று அர்த்தம். அமெரிக்க வரலாற்றில் அந்தத் தலைமுறைக்கே மானோங் தலைமுறை என்ற பெயர் நின்றுவிட்டது. 1965 செப்டம்பரில் டெலானோ திராட்சை வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்த லாரி இட்லியோங் அந்தத் தலைமுறைக்காரர்.

1946-ல் கடைசியாக ஒரு பெருங்கூட்டம், ஆறாயிரம் பேர் அளவில், ஹவாய்க்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டது, இனி வேலைநிறுத்தம் வரும், அப்போது இந்தப் புது ஆட்கள் கைகொடுப்பார்கள் என்பது முதலாளிகளின் எதிர்பார்ப்பு. தொழிற்சங்கம் முந்திக்கொண்டது. கப்பலிலேயே ஆள் வைத்து வந்தவர்களைச் சங்கத்தில் சேர்த்துவிட்டது. அந்த வருஷம் கரும்புத் தொழிலாளர் 79 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள்.

அதன்பின் மொழியைப் படிக்க வந்தவர்கள் வேறு மாதிரி. அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்கள் 1961-ல் பிலிப்பைன்ஸுக்கு வந்தார்கள். ஊரில் தங்கி வேலை செய்பவருக்குச் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் சமாதானத்துக்கும் மொழி வேண்டும். 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் இலோகானோவுக்குப் பாடநூல், அகராதி, இலக்கணம் மூன்றையும் வெளியிட்டது. 1998-ல் கார்ல் ரூபினோ பயணிகளுக்காகவே சிறிய அகராதியும் சொற்றொடரும் சேர்ந்த புத்தகம் ஒன்றைத் தந்தார்.

அப்படி ஒரு புத்தகத்தோடு விகானில் இறங்குகிறவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது உறவுமுறை. குதிரைவண்டிக்காரர் மானோங், எம்பனாடா சுடுகிற அம்மாள் மானாங், தட்டை எடுத்துவரும் சிறுவன் ஆடிங், பெரியவர்களானால் ஆபோ. பெயர் தெரியாத ஒருவரை முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால் பாதிப் பேச்சு நடந்த மாதிரி. எம்பனாடாவுக்கு, அரிசிமாவில் செய்த ஆரஞ்சு நிற மேல்தோலுக்குள் பச்சைப் பப்பாளித் துருவல், பூண்டு மணக்கும் லோங்கனிசா தொத்திறைச்சி, உடைத்து ஊற்றிய முட்டை எல்லாம் வைத்து மடித்து, கொதிக்கும் எண்ணெயில் போடுகிறார்கள். தொட்டுக்கொள்ளக் கரும்புக் காடி. “மானாங், மானோ?” என்றால் விலை கேட்டாயிற்று. பதில் பெரும்பாலும் ‘பெய்ந்தே’, ‘சிங்குவெந்தா’ என்று ஸ்பானிய எண்ணில் வரும். ஆட்களை எண்ணும்போது மாய்சா, துவா, தால்லோ என்று சொந்த எண்கள் திரும்பிவிடும். ருசித்தால் ‘நைமாஸ்’. நன்றிக்கு ‘அக்யமானாக்’. மனம் நிறைந்து சொல்ல ‘தியோஸ் தி அக்ஙினா’, கடவுள் கைம்மாறு செய்வார் என்று பொருள். இதற்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்பானியக் கடவுள், துறவிகள் விட்டுப்போனது.

யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் திண்ணையைக் கடந்தால் “மஙான் தாயோன்” என்று அழைப்பு வரும். வாங்க, நாம் சாப்பிடலாம். மறுக்க நினைப்பவர் “நப்சுகாகோன்”, வயிறு நிறைந்துவிட்டது, என்று சிரித்துச் சொல்ல வேண்டும். பேசாமல் நடந்துவிடுவது அழகில்லை. கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் பேசவும் ஒரு சொல் இருக்கிறது. வெந்நீரை வாசலில் கொட்டும் முன்பு ‘பாரி-பாரி ஆபோ’ என்பார்கள், அங்கே குடியிருக்கும் ஆவிகள் விலகிக்கொள்ளட்டும் என்று. நாலு நூற்றாண்டு ஞானோபதேசத்துக்குப் பிறகும் அது நாவில் இருக்கிறது.

2012-ல் லா யூனியோன் மாகாணம் இலோகானோவை ஆட்சிமொழிகளில் ஒன்றாக அறிவித்தது. அதே வருஷம் தாய்மொழிக் கல்வித் திட்டத்தில் ஆரம்ப வகுப்புகளுக்குள்ளும் அந்த மொழி நுழைந்தது. 2024-ல் வந்த புதிய சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. பயிற்றுமொழி மறுபடியும் பிலிப்பினோவும் ஆங்கிலமும்தான், வட்டார மொழிகள் துணைக்கு நிற்கலாம். 1970-களிலிருந்து ஹொனலூலுவில் சகாதாக்களின் பேரப்பிள்ளைகள் இலோகானோவைப் பல்கலைக்கழகப் பாடமாக எடுத்துப் படித்துவருகிறார்கள். விகானின் முதல் வகுப்புக் குழந்தைக்கு அந்த உரிமை பன்னிரண்டு வருஷம்தான் உறுதியாக இருந்தது.