பைக்குள் இருப்பது என்ன?

1660ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள். லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் என்னும் இளம் அலுவலர் தம் மனைவியுடன் உறவினர் ஒருவர் வீட்டிற்கு விருந்துண்ணச் செல்கிறார். பிற்காலத்தில் உலகப்புகழ் பெறவிருந்த அவருடைய நாட்குறிப்பு தொடங்கி அன்றைக்கு ஆறாவது நாள்தான். விருந்து நன்றாகவே இருந்தது என்று எழுதுகிறார். ஆனால் ஒரு குறை. மான்கறிப் பாஸ்டி என்று பரிமாறப்பட்டதில் இருந்தது அப்பட்டமான மாட்டுக்கறி. அது அழகல்ல என்று முகஞ்சுளித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

அவர் போய்விட்டார்; நமக்குத்தான் அந்த வரியைக் கடக்க முடியவில்லை. தட்டில் வெறும் கறியாக வைத்திருந்தால் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது. மாட்டுக்கறியை மான்கறி என்று சொல்ல ஒரு மறைப்பு வேண்டும். கோதுமை மாவைப் பிசைந்து, தட்டி, கறியைச் சுற்றி மூடி, ஓரத்தை ஒட்டிச் சுட்டெடுத்தால் அந்த மறைப்பு கிடைத்துவிடுகிறது. சாசேஜ் ரோல், பாஸ்டி, பன்றிக்கறிப் பை என்று ஆங்கிலேயர் கொண்டாடும் மாவுப் பண்டங்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது சுவையின் வரலாறாக இருப்பதைவிட ஐயத்தின் வரலாறாகவே நமக்குப் படுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே கேட்கப்பட்டு வருகிறது.

ஆங்கிலத்தில் இப்பண்டத்திற்குப் 'பை' என்று பெயர். தமிழில் பை என்றால் பொருளை இட்டு வைக்கும் கொள்கலம். இவ்விரு சொற்களுக்கும் உறவேதும் இல்லை. வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிடும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். எனினும் இந்த ஒலியொப்புமை வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தி வருகிறது. ஏனெனில், இடைக்கால இங்கிலாந்தில் மாவு உறை என்பது முதன்மையாக ஒரு கொள்கலமே. அதற்குக் 'காஃபின்' என்று பெயர். இன்று சவப்பெட்டியைக் குறிக்கும் அதே சொல்தான். அன்றைக்கு அது பொதுவாகப் பெட்டியையும் கூடையையும் குறித்தது. கொதிநீரும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்த மாவைச் சுவர்போல் எழுப்பி, நடுவில் கறியை இட்டு, மூடியும் போட்டுச் சுட்டார்கள். கொதிநீர் பட்டவுடன் மாவிலுள்ள மாப்பொருளில் ஒரு பகுதி வெந்து இறுகுவதால்தான் சுவர் சரியாமல் நிற்கிறது. சுட்டபின் மூடியிலுள்ள துளை வழியே உருக்கிய வெண்ணெயை ஊற்றிக் காற்று புகாமல் அடைத்துவிட்டால் கறி பல நாள் கெடாது. மண்கலமும் உலோகத் தகடும் செய்யவேண்டிய வேலையை மாவு செய்தது.

கடையில் விற்பனைக்கு வந்தவுடனே இந்தப் பெட்டியின் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. 1379இல் லண்டன் நகர நிர்வாகம் பாஸ்டி சுடுவோருக்கென்று ஓர் ஆணை பிறப்பித்தது. முயலையும் வாத்தையும் வேண்டாத குடல், கழிவுகளையும், சில வேளைகளில் நாற்றமெடுத்தவற்றையும், பாஸ்டிக்குள் வைத்து மக்களை ஏமாற்றுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பெருமக்களின் மாளிகைச் சமையற்காரர்களிடமிருந்து கோழி, வாத்துக் கழிவுகளை வாங்கிச் சுட்டு விற்கக் கூடாது. மாட்டுக்கறியை மான்கறி என்று விற்கக் கூடாது. மீறினால் தண்டனை உண்டு. பெப்பீஸ் கண்ட அதே மோசடி, அவருக்கு ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் ஏறியிருக்கிறது! அதே காலத்தவரான சாசர் தம் கேன்டர்பரிக் கதைகளில் வரும் சமையற்காரனைச் சும்மா விடவில்லை. இருமுறை சூடாகி இருமுறை ஆறிப்போன பண்டத்தை விற்றவன் என்றும், அவன் கடையில் ஈ மொய்க்கிறது என்றும் விடுதிக்காரனின் வாயால் கேலி செய்ய வைக்கிறார். கவிஞரும் நகர நிர்வாகமும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போவது அரிது.

கடையை நம்ப முடியாதென்றால் வீட்டில் செய்துகொள்ள வேண்டியதுதான். 1615இல் வெளிவந்த 'ஆங்கில இல்லத்தரசி' நூலில் ஜெர்வேஸ் மார்க்கம் மாவை அதன் பயனுக்கேற்ப வகைப்படுத்துகிறார். மான்கறி, காட்டுப்பன்றி போன்று நெடுநாள் இருக்கவேண்டியவற்றுக்குத் தடித்த, முரட்டு ரை மாவுச் சுவர். உடனே உண்பவற்றுக்கு மெல்லிய கோதுமை மாவு. 1747இல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் நூலில் யார்க்ஷயர் கிறிஸ்துமஸ் பை என்றொரு பேருருவம் வருகிறது. எலும்பு நீக்கிய புறாவைக் கௌதாரிக்குள்ளும், கௌதாரியைக் கோழிக்குள்ளும், கோழியை வாத்துக்குள்ளும், வாத்தை வான்கோழிக்குள்ளும் வைத்து, அத்தனையையும் ஒரு மாவுக்கோட்டைக்குள் அடைக்கச் சொல்கிறார். மாவு மட்டும் ஒரு புஷல், அதாவது நம் கணக்கில் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. இவற்றைப் பெட்டியிலிட்டு லண்டனுக்குப் பரிசாக அனுப்புவது வழக்கமாதலால் சுவர்களை நன்றாகக் கட்டவேண்டும் என்று கொத்தனாருக்குச் சொல்வதுபோல் சொல்லிவைக்கிறார்.

சாசேஜ் ரோல் இந்தக் கோட்டைகளின் வழிவந்ததன்று. அதன் உறை வேறு மரபு. வெண்ணெயை மாவுக்குள் வைத்து மூன்றாக மடித்துத் தேய்த்து, மீண்டும் மடித்துத் தேய்த்து, இப்படி ஆறு முறை செய்தால் கணக்குப்படி 729 வெண்ணெய் அடுக்குகள் உருவாகும். ஓவனின் சூட்டில் நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்க, வெண்ணெய் அவற்றை ஒட்டவிடாமல் பிரிக்கிறது. செல்வர் வீட்டு மேசைக்குரிய இந்த நுண்கலையும், கசாப்புக்கடையின் மிச்சசொச்சத்தில் பிறந்த சாசேஜ் கறியும் மணந்துகொண்டதுதான் சாசேஜ் ரோல். கலப்பு மணம் என்றே சொல்லலாம்.

1861இல் நூலாக வந்த இசபெல்லா பீட்டனின் இல்ல நிர்வாக நூலில் இதற்கான செய்முறை உண்டு. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. ஒரு பவுண்டு அடுக்கு மாவை அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தேய்த்துச் சதுரங்களாக வெட்டி, பாதியில் கறியை வைத்து, ஓரத்தை நனைத்து மடித்து, மேலே முட்டை மஞ்சள்கரு பூசி, நன்கு சூடேறிய அடுப்பில் அரை மணி நேரம் சுடவேண்டும். எளிமைதான். ஆனால் முடிவில் ஒரு குறிப்புத் தருகிறார். மிஞ்சிப்போன கோழியும் பன்றித்தொடைக் கறியும், ஆறிப்போன கன்று, மாட்டிறைச்சியும் கொத்திப்போட்டால் மிக நல்ல ரோல்கள் கிடைக்கும். ஆக, கடைக்காரன் செய்தால் மோசடி. இல்லத்தரசி செய்தால் சிக்கனம். மாவுக்கோ இரண்டும் ஒன்றுதான்.

பீட்டனின் காலத்து லண்டன் தெருவில் அந்த ஐயம் உச்சத்தில் இருந்தது. டிக்கின்ஸின் பிக்விக் கதையில் (1836-37) சாம் வெல்லர், பூனைக்கறியைத் தேவைக்கேற்ப மாடாகவும் ஆடாகவும் சுவைமாற்றி விற்கும் பைக்காரனைப் பற்றிச் சிரிக்காமல் சொல்கிறான். 1846-47இல் தொடராக வந்த ஒரு மலிவுப் பதிப்புக் கதையில் ஸ்வீனி டாட் என்னும் நாவிதன் வாடிக்கையாளரைக் கொல்ல, அவர்கள் அடுத்த கடையில் பையாக மாறினார்கள். லண்டன் நகரமே அதை நடுங்கி நடுங்கிப் படித்தது. கதை கட்டுக்கதைதான், அச்சம் மெய்யானது. தெரு வணிகர்களை நேரில் பேட்டி கண்டு ஹென்றி மேஹ்யூ வெளியிட்ட நூலில் (1851) ஒரு பைக்காரர், தம்மைக் கண்டதும் ஆட்கள் பூனைபோலும் நாய்போலும் கத்துவதாக வருந்துகிறார். அவர்களிடையே ஒரு சூதாட்டமும் இருந்தது. காசு சுண்டும்போது வாங்குபவர் வென்றால் பை இலவசம். தோற்றால் காசு பைக்காரருக்கு, பை கிடையாது. சாசேஜுக்கு அக்காலக் கொச்சையில் 'மர்மப் பை' என்றே பெயர். இந்த இடத்தில் ஆங்கிலப் பையும் தமிழ்ப் பையும் மெய்யாகவே ஒன்றாகிவிடுகின்றன. கலப்படத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த மருத்துவர் ஆர்தர் ஹில் ஹாசலின் அறிக்கைகள் 1851 முதல் 'லான்செட்' இதழில் வந்தன. கடுகுப் பொடியில் கோதுமை மாவும் நம்மூர் மஞ்சளும் கலந்திருப்பதை அவர் காட்டினார். முறையான உணவுச் சட்டம் வர 1875 ஆயிற்று.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் வீட்டிலேயே செய்துகொள்ளவில்லை? செய்முறை நூல்கள் சொல்லாமல் விடும் செய்தி இதுதான்: நகரத்து ஏழையின் வீட்டில் ஓவன் கிடையாது. ஒற்றை அறை, ஒரு கணப்பு, ஒரு சட்டி. கறியை வேகவைக்கலாம், வாட்டலாம். மாவை மூடிச் சுட இயலாது. விளக்கத்திற்கு டிக்கின்ஸின் கிறிஸ்துமஸ் கதையையே (1843) பார்க்கலாம். தத்தம் உணவைத் தட்டிலேந்தி ரொட்டிக்கடை அடுப்பிற்கு ஏழைகள் தூக்கிச்செல்லும் காட்சி அதில் வருகிறது. வாயு அடுப்பும், காசு போட்டால் வாயு வரும் மீட்டரும் எளிய வீடுகளுக்குள் நுழைந்தது அந்நூற்றாண்டின் கடைசிப் பதின் ஆண்டுகளில்தான். யாருக்குக் கலப்படத்தைப் பற்றி அதிகம் அஞ்சவேண்டியிருந்ததோ அவருக்கே கடைப் பையைத் தவிர வேறு வழியில்லை. 'வீட்டுச் செய்முறை' என்பது அடுப்புள்ளவரின் சொத்து.

கார்ன்வால் இதற்கு விலக்கு. அங்கே குடிசைகளின் கணப்புச் சுவரிலேயே களிமண் அடுப்பு பதித்திருந்தது. மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் வகைக் கிழங்கு ஒன்று, இவை நான்கையும் பச்சையாகவே வைத்து மடித்து ஓரத்தைப் பின்னி, வெள்ளீய, செம்புச் சுரங்கத்திற்குப் போகும் கணவனின் பெயரெழுத்தை மூலையில் பொறித்துச் சுட்டார்கள் பெண்கள். பாதி தின்று வைத்தால் யாருடையது என்று தெரியவேண்டுமே! தடித்த ஓரம் ஆர்செனிக் படிந்த விரலால் பிடித்து எறிவதற்கானது என்று பரவலாகச் சொல்லப்படுவதை நாம் நம்பவில்லை. பழைய ஒளிப்படங்களில் சுரங்கத் தொழிலாளர் துணியிலோ தாளிலோ சுற்றிக் கடைசிவரை தின்பது தெரிகிறது. பசித்தவன் மாவை எறிவானா? சுரங்கம் நசிந்தபோது அவர்கள் மெக்சிகோ, மிச்சிகன், தென் ஆஸ்திரேலியா என்று பரவினர். பாஸ்டியும் உடன் போயிற்று. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் கார்ன்வால் பாஸ்டிக்குப் புவிசார் காப்பு வழங்கியபோது, குறைந்தது 12.5 விழுக்காடு கறி இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தது. உள்ளே என்ன என்ற கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லவேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறைச்சி பங்கீட்டுக்கு உட்பட்டது, சாசேஜ் உட்படவில்லை. ஆனால் அதில் கறியைத் தேடவேண்டியிருந்தது, பெரும்பகுதி ரொட்டித் தூள். இறைச்சிப் பங்கீடு 1954இல்தான் முடிந்தது. 2013 சனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாட்டுக்கறிப் பண்டங்களில் குதிரையின் மரபணுவைக் கண்டறிந்து அறிவித்தது. மாட்டிறைச்சி லசான்யா என்று இங்கிலாந்தில் விற்ற சிலவற்றில் முழுக்கவே குதிரைக்கறி இருந்தது பின்னர் வெளியாயிற்று. 1379ஆம் ஆண்டு ஆணையை எழுதியவர் மறுபடி வந்து படித்தால் விலங்கின் பெயரை மட்டும் திருத்தினால் போதும்.

இவ்வளவும் படித்தபின் சும்மா இருக்க முடியுமா? நம் ஊர் அடுமனைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் பப்ஸ், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அடுக்கு மாவின் எச்சம்தான். அதைத் தின்று வளர்ந்த துணிவில், ஒரு விடுமுறை நாளில் சாசேஜ் ரோல் செய்து பார்த்தோம். பன்றிக்கறிக்கு மாற்றாகக் கண்முன் கொத்தி வாங்கிய ஆட்டுக் கொத்துக்கறி. உப்பு, மிளகு, சிறிது ஜாதிபத்திரி. சேஜ் இலைக்குப் பதில் கொத்துமல்லி. கொழுப்பில்லாத கறி வறண்டுபோகும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பையும் சேர்த்துக் கொத்தச் சொன்னோம். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார்.

முதல் முயற்சி சித்திரை வெயிலில் பாழாயிற்று. இரண்டாம் மடிப்பிலேயே வெண்ணெய் உருகி மாவுக்குள் இறங்கிவிட்டது. சுட்டபோது 729 அடுக்குக்குப் பதில் எண்ணெயில் ஊறிய ஒரே தட்டைதான் வந்தது. மறுமுறை மாவு, வெண்ணெய், பூரிக்கட்டை எல்லாவற்றையும் குளிர்பதனப்பெட்டியில் வைத்து, ஒவ்வோர் இரண்டு மடிப்புக்கும் நடுவே அரைமணி ஆறவிட்டோம். மேலே மூன்று கீறல் போடவேண்டும். இல்லையேல் ஆவி வெளியேற வழியின்றிப் பக்கம் பிளந்துவிடும். 200 பாகை செல்சியசில் இருபத்தைந்து நிமிடம். பொன்னிறத்தில் எழும்பி வந்தன, பன்னிரண்டு.

ஒன்பதாவதோடு கொத்துக்கறி தீர்ந்துவிட்டதென்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி மூன்றுக்குள் போனது முந்தைய நாள் கோழிக்குழம்பில் மிஞ்சிய துண்டுகள். மாலையில் வந்த நண்பர்கள் பன்னிரண்டையும் உண்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.