எண்ணிக்கையில் வராத குடிகள்: நிதிப் பகிர்வும் கும்மிடிப்பூண்டி ஊராட்சிகளும்

மாநிலங்களுக்குப் பகிரப்படும் மத்திய வரி வருவாயில் தமிழ்நாட்டின் பங்கு 13ஆம் நிதிக்குழுக் காலத்தில் 4.969 விழுக்காடு, 15ஆம் நிதிக்குழுவில் 4.079. செஸ்ஸும் கூடுதல் வரிகளும் பகிர்வுக்கு வருவதே இல்லை. சென்னைக்கும் தில்லிக்கும் இடையிலான வழக்காகவே இது பேசப்படுகிறது. இழப்பு யார் தலையில் விடிகிறது என்று பார்க்க, திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடிக்குப் போக வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய ஊராட்சிகளில், இரும்பு உருக்கும் ஆலைகளை நம்பி வந்த பீகார், ஒடிசா தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் ஓர் அறைக்குப் பலராக வாடகைக்கு இருக்கிறார்கள். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர்தான் அவர்களுக்கும். அவர்கள் குப்பையை அள்ளுவதும் ஊராட்சியின் தூய்மைக் காவலர்தான். 15ஆம் நிதிக்குழுவோ உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கையில் மக்கள்தொகைக்கு 90 விழுக்காடு எடை தந்தது. கணக்கு 2011ஆம் ஆண்டினுடையது. அதற்குப் பின் வந்தவர்கள் இந்த ஊர்களின் கணக்கில் வரவில்லை.

சரக்கு சேவை வரியும் இதே திசையில்தான் இழுக்கிறது. 2017 ஜூலைக்கு முன், வெளிமாநிலத்துக்கு விற்ற இரும்புக் கம்பிக்கான மத்திய விற்பனை வரி உற்பத்தியான மாநிலத்திலேயே தங்கியது. இப்போது மாநிலப் பங்கு நுகரும் மாநிலத்துக்குப் போகிறது. இந்த மாற்றத்துக்காக மாநிலங்களுக்குத் தந்த இழப்பீடும் 2022 ஜூனில் நின்றது. புகையும் லாரிகள் பெயர்த்த சாலையும் இங்கேயே இருக்கின்றன.

இதை வைத்து, ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகத் தருவதே தவறு என்று வாதிடுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. ஆலைக்கு வரும் இளைஞனை வளர்த்து ஆளாக்கிய செலவு பீகாருடையது. அந்த உழைப்பின் பலன் நமக்கு. வரிப் பகிர்வில் மாநிலங்களின் வருமான இடைவெளிக்கு 15ஆம் நிதிக்குழு தந்த 45 விழுக்காடு எடை அந்த வகையில் நியாயமானது. அவன் இன்று வாழும் ஊரின் செலவுக்கு எந்த எடையும் இல்லை என்பதுதான் குறை.

மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்கு 50 விழுக்காடு வேண்டும் என்று தில்லியிடம் கேட்ட மாநில அரசு தன் ஊராட்சிகளிடமும் அதே நியாயத்தைக் காட்ட வேண்டும். ஊராட்சிகள் வசூலிக்கும் தொழில் வரியின் ஆண்டு உச்சவரம்பு 1988 முதல் 2,500 ரூபாயிலேயே நிற்பதற்குச் சென்னை பொறுப்பல்ல. அது அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவு. ஆனால் 2016 முதல் 2019 வரை உள்ளாட்சித் தேர்தல் நடத்தாததால் மத்திய மானியம் முடங்கியது சென்னையின் பொறுப்பு. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும் திருவள்ளூர் ஊராட்சிகள் தனி அலுவலர்களிடமே போயின. தில்லியின் கைவிரிப்பைவிட இது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

மாநில நிதிக்குழு, குடிபெயர்ந்து வாழ்வோர் எண்ணிக்கைக்கு உள்ளாட்சிகளுக்கான தன் பகிர்வு விதியில் தனி எடை தரலாம். அதற்குத் தில்லியின் இசைவு தேவையில்லை. வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பதிவுகள் ஒரு பகுதியைக் காட்டிவிடும். ஒப்பந்தக்காரர் பதிவு செய்யாமல் விட்டவர்களை ஊராட்சிச் செயலாளர் வாடகை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க முடியும்.